மூணு நாள் காத்மாண்டு: எது விழுந்தது, எது நின்றது?

செமஸ்டர் லீவ் நெருங்கிடுச்சு. எல்லா கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்லயும் "கோவாவா, மணாலியா?"ன்னு ஓட்டெடுப்பு ஆரம்பிச்சிருக்கும். அந்தப் பட்டியலில் மூன்றாவதாக ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. வெளிநாடு, ஆனால் விசா வேண்டாம். தலைநகரம், ஆனால் தெருவுக்குத் தெரு பல நூறு வருஷப் பழைய கட்டடங்கள். ஊர் பெயர் காத்மாண்டு.

நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு நேபாளம் என்றால் முக்திநாத் யாத்திரை. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம் அங்கேதான் இருக்கிறது. அதனால் தமிழ்நாட்டிலிருந்து சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு கிளம்பும் குரூப்புகள் ஏராளம். அந்தத் திட்டத்தில் காத்மாண்டுவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நாள். பசுபதிநாத், பௌத்தநாத், சுயம்புநாத், ஒரு அரண்மனைச் சதுக்கம், ஷாப்பிங், அவ்ளோதான். பஸ்ஸை விட்டு இறங்கு, போட்டோ எடு, ஏறு.

எஞ்சினியரிங் படிக்கிற நாம் போகும்போது ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் இதே ஊர் வேற மாதிரி தெரியும். கேள்வி இதுதான்: 2015 நிலநடுக்கத்தில் இங்கே எது விழுந்தது, எது நின்றது, ஏன்? இந்தக் கேள்விக்கான விடை அங்கே திறந்தவெளியில், செங்கலும் மரமுமாகக் கிடக்கிறது. மூணு நாள் போதும்.

முதலில் ஆவணம், பணம், நேரம்

இந்தியர்களுக்கு நேபாளத்துக்கு விசா கிடையாது. ஆனால் "ஆதார் இருக்கே, போதும்"னு கிளம்பிடாதீங்க. 15 முதல் 65 வயது வரை உள்ளவர்கள் விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார், காலேஜ் ஐடி, டிரைவிங் லைசென்ஸ் எதுவும் செல்லாது. நம்ம வயசுல பாதிப் பேர் வாக்காளர் அட்டைக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பதுதான் நிஜம். டூர் முடிவாகிற அன்றைக்கே அதைச் செய்துவிடுங்கள். இன்னும் 18 ஆகாத முதலாம் ஆண்டு தம்பி தங்கைகள் பாஸ்போர்ட் எடுத்துவிடுவது நல்லது.

பணக் கணக்கு சுலபம். 1993 முதல் இந்திய ரூபாய் ஒன்றுக்கு நேபாள ரூபாய் 1.60 என்று நிலையான விகிதம். கடைக்காரர் விலை சொன்னதும் "ஐசியா, என்சியா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐசி என்றால் இந்தியப் பணம், என்சி என்றால் நேபாளப் பணம். கேட்காமல் விட்டால் 100 ரூபாய் தொப்பிக்கு 160 கொடுத்துவிட்டு வருவீர்கள். பெரிய நோட்டுகள் பற்றிய விதி அவ்வப்போது மாறியிருக்கிறது. 100 ரூபாய் நோட்டுகளாக வைத்துக்கொண்டால் கவலை இல்லை.

கடிகாரத்தை 15 நிமிஷம் முன்னால் தள்ளி வையுங்கள். நேபாள நேரம் நம்மைவிடக் கால் மணி நேரம் முந்தியது. 30 பேர் கொண்ட குரூப்பில் பாதிப் பேர் இந்திய நேரத்திலும் பாதிப் பேர் நேபாள நேரத்திலும் இருந்தால் என்ன ஆகும் என்று கோ-ஆர்டினேட்டரைக் கேட்டுப் பாருங்கள். அங்கே வார விடுமுறை சனிக்கிழமை. அன்றைக்குக் கோயில்களில் உள்ளூர்க் கூட்டம் அதிகம்.

சாப்பாட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. மோமோ கடையில் "பஃப்" என்று எழுதியிருந்தால் அது நம்ம பேக்கரி பப்ஸ் இல்லை, எருமைக்கறி. வெஜ் மோமோ தனியாகக் கிடைக்கும். காத்மாண்டு பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் மக்களின் "பாரா" என்ற பண்டத்தைச் சாப்பிட்டுப் பாருங்கள். உளுந்து, பாசிப்பயறு போன்ற பருப்புகளை அரைத்துக் கல்லில் ஊற்றுகிறார்கள். நம்ம அடைக்குத் தூரத்துச் சொந்தம்.

ஏரி மேல் கட்டின ஊர்

டூர் கைடு கட்டாயம் ஒரு கதை சொல்வார். காத்மாண்டு பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் பெரிய ஏரியாக இருந்தது. மஞ்சுஸ்ரீ என்ற போதிசத்துவர் தன் வாளால் சோபார் மலையை வெட்ட, தண்ணீர் வடிந்து, மக்கள் குடியேறினார்கள் என்று. வாள் விஷயத்தை விட்டுவிடுங்கள், ஏரி விஷயம் நிஜம். புவியியல் ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. பள்ளத்தாக்கின் நடுப்பகுதியில் ஏரி வண்டல் 500 மீட்டருக்கும் அதிக ஆழத்துக்கு இருக்கிறது. ஊருக்குள் காலிமாட்டி என்று ஒரு பேட்டையே உண்டு. "கறுப்பு மண்" என்று அர்த்தம்.

சிவில் பசங்களுக்கு இப்போதே பல்பு எரிந்திருக்கும். மற்றவர்களுக்காக: நிலநடுக்க அலை கெட்டியான பாறையிலிருந்து தளர்ந்த வண்டலுக்குள் வரும்போது அதன் ஆட்டம் பெருகும். கிண்ணத்தில் இருக்கும் ஜெல்லியைத் தட்டிப் பாருங்கள். கிண்ணம் லேசாக அசையும், ஜெல்லி தளதளவென்று ஆடும். காத்மாண்டு அந்த ஜெல்லி மேல் உட்கார்ந்திருக்கிறது.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, காலை 11.56. கோர்க்கா மாவட்டத்தில் தொடங்கிய 7.8 அளவு நிலநடுக்கம். சுமார் 9,000 பேர் இறந்தார்கள். சுமார் 5 லட்சம் வீடுகள் முழுதாக அழிந்தன. அதில் பெரும்பாலானவை மலைக் கிராமங்களில் கல்லையும் சேற்றையும் வைத்துக் கட்டியவை. மே 12-ல் 7.3 அளவில் இன்னொரு அடி.

ஆனால் தலைநகரில் ஒரு விசித்திரம் நடந்தது. பள்ளத்தாக்கு ஒட்டுமொத்தமாக 4 முதல் 5 விநாடிக்கு ஒரு முறை என்ற மெதுவான தாளத்தில் ஆடியதைக் கருவிகள் பதிவு செய்தன. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனக்கென்று ஒரு ஆட்ட நேரம் உண்டு. தோராயமாக மாடிக்கு 0.1 விநாடி என்று கணக்குப் போடுவோம். அப்படியென்றால் நாலு மாடி வீட்டுக்கு 0.4 விநாடி. ஊஞ்சலைத் தள்ளுகிறவர் அதன் தாளத்தோடு தள்ளினால்தான் ஊஞ்சல் உயரப் போகும். தாளம் பொருந்தாமல் தள்ளினால் போகாது. இங்கே நிலத்தின் தாளம் சின்ன வீடுகளோடு பொருந்தவில்லை. அதனால் சாதாரண உயர வீடுகள், எல்லோரும் பயந்த அளவுக்கு விழவில்லை. மாறாக உயரமாக, ஒல்லியாக நின்றவை அதிகம் அடிவாங்கின.

அதற்குச் சாட்சிதான் தராஹரா. 1820-களில் பீம்சேன் தாபா என்ற பிரதமர் கட்டிய கண்காணிப்புக் கோபுரம். 1934 நிலநடுக்கத்தில் உடைந்து, மீண்டும் கட்டப்பட்டு, 60 மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்றது. சனிக்கிழமை விடுமுறை என்பதால் 2015-ல் அன்றைக்கு நிறையப் பேர் மேலே ஏறியிருந்தார்கள். சில விநாடிகளில் அடிக்கட்டை மட்டும் மிஞ்சியது. இப்போது அங்கே போனால் 2021-ல் திறக்கப்பட்ட புதிய காங்கிரீட் தராஹராவும், பக்கத்தில் அந்தப் பழைய அடிக்கட்டையும் இருக்கும். செல்ஃபி எடுப்பவர்கள் புதியதைத்தான் எடுப்பார்கள். நீங்கள் பழையதைப் பாருங்கள். அடிப்பகுதியின் சுவர் எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். அவ்வளவு தடிமன் இருந்தும் அது விழுந்தது.

முதல் நாள்: ஊருக்குப் பெயர் கொடுத்த மண்டபம்

தராஹராவிலிருந்து நடந்தே போகலாம், அனுமன் தோகா அரண்மனைச் சதுக்கத்துக்கு. அங்கே ஒரு ஓரத்தில் இருக்கிறது காஷ்டமண்டபம். காஷ்டம் என்றால் மரம் என்று நமக்கே தெரியும். மர மண்டபம். காத்மாண்டு என்ற பெயரே இதிலிருந்து வந்ததுதான். ஒரே மரத்திலிருந்து கட்டியது என்பது ஊர்க்கதை. வழிப்போக்கர்கள் தங்க, வியாபாரிகள் கூட, சாமியார்கள் உட்கார என்று பல நூற்றாண்டுகள் பயன்பட்ட மூன்றடுக்கு மண்டபம்.

2015-ல் இது தரைமட்டமானது. அந்த நேரத்தில் உள்ளே ரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. ரத்தம் கொடுக்க வந்தவர்கள் இடிபாட்டில் இறந்தார்கள். காலேஜில் என்எஸ்எஸ் முகாம் நடத்தியவர்களுக்கு இதைப் படிக்கும்போது மனசு ஒரு மாதிரி ஆகும்.

"பழைய கட்டடம், அஸ்திவாரம் போயிருக்கும்" என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். நேபாளத் தொல்லியல் துறையும் பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகக் குழுவும் அங்கே தோண்டிப் பார்த்தார்கள். இரண்டு ஆச்சரியங்கள். ஒன்று, அஸ்திவாரம் 12-ம் நூற்றாண்டு என்று நம்பியது தப்பு. அது 7-ம் நூற்றாண்டு வரை போகிறது. இரண்டு, அந்த அஸ்திவாரத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. குறுக்கும் நெடுக்குமாக, மண்டலக் கோலம் போல ஒன்பது கட்டங்களாகப் போட்ட செங்கல் சுவர்கள், சேற்றுச் சாந்தோடு, ஜம்மென்று இருந்தன.

பிறகு ஏன் விழுந்தது? மண்டபத்தைத் தாங்கியவை நான்கு பெரிய மரத்தூண்கள். ஒவ்வொன்றின் அடியிலும் துளையுள்ள ஒரு கல். தூணின் அடியில் செதுக்கிய முளை அந்தத் துளைக்குள் உட்கார வேண்டும். பூமி ஆடினாலும் தூண் வழுக்காது. நான்கில் ஒரு தூண் அப்படி உட்காரவே இல்லை. 20-ம் நூற்றாண்டில் நடந்த ஒரு பழுதுபார்ப்பு வேலையில் அந்த இணைப்பு விட்டுப்போய், மேலே தளம் போட்டு மூடியிருந்தார்கள். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. நான்கு கால் நாற்காலியில் ஒரு காலுக்கு மட்டும் பிடிமானம் இல்லாத மாதிரி.

7-ம் நூற்றாண்டு வேலை நின்றது. நம்ம காலத்து மராமத்து தோற்றது. "அந்தக் காலத்துல எல்லாமே சூப்பர்"னு இதற்கு அர்த்தம் இல்லை. இணைப்பு ஏன் அப்படி இருக்கிறது என்று புரியாமல் கை வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் அர்த்தம்.

மீண்டும் கட்டும்போது பெரிய சண்டை நடந்தது. நவீனப் பொருள்களைச் சேர்க்கலாம், டெண்டர் விட்டுக் குறைந்த விலைக்காரரிடம் கொடுக்கலாம் என்ற யோசனைகளை உள்ளூர் மக்கள் எதிர்த்தார்கள். கடைசியில் மக்கள் குழுவே பொறுப்பெடுத்து, மரம், செங்கல், சேற்றுச் சாந்து என்று பழைய முறையில் 2022-ல் முடித்தார்கள். இன்று நீங்கள் பார்ப்பது அதுதான். தூணின் அடியைக் குனிந்து பாருங்கள். கைடு "மேல பாருங்க, மேல பாருங்க" என்பார். பரவாயில்லை, நீங்கள் கீழே பாருங்கள்.

அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிஷ நடையில் ராணி போகரி. மகனை இழந்த ராணியின் துக்கத்தை ஆற்ற, 1670-ல் பிரதாப மல்லர் வெட்டிய குளம். நடுவில் ஒரு கோயில். நிலநடுக்கத்தில் கோயில் சேதமானதும் 2016-ல் வேலை தொடங்கியது. காங்கிரீட் போட ஆரம்பித்தார்கள். மக்கள் திரண்டு வந்து தடுத்தார்கள். போட்ட காங்கிரீட்டை எடுத்துவிட்டு, செங்கலும் சுண்ணாம்பு-சுர்க்கிச் சாந்தும் வைத்து 2020-ல் முடித்தார்கள். சுர்க்கி என்றால் செங்கல் பொடி. முல்லைப் பெரியாறு அணையில் பென்னிகுயிக் பயன்படுத்திய அதே சுண்ணாம்பு-சுர்க்கிதான், புதுசா ஒண்ணும் இல்ல.

தராஹரா காங்கிரீட்டில், ராணி போகரி சுர்க்கியில். இரண்டுக்கும் இடையே நடை தூரம்தான். எது சரி? ராத்திரி ஹோட்டல் ரூமில் சண்டை போட நல்ல தலைப்பு.

இரண்டாம் நாள்: பாட்டன், தண்ணீர் நிற்காத குழாய்

பாட்டன், அதாவது லலித்பூர், பாக்மதி ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். ஒரு காலத்தில் தனி ராஜ்யத்தின் தலைநகரம். சதுக்கத்தில் முதலில் கண்ணில் படுவது கிருஷ்ணர் கோயில். 1637-ல் சித்தி நரசிம்ம மல்லர் கட்டிய கல் கோயில். சுற்றிலும் மகாபாரதமும் ராமாயணமும் சிற்பமாக ஓடும். 21 தங்கக் கலசங்கள். 2015-ல் இது நின்றது. அதே சதுக்கத்தில் இருந்த சார் நாராயண் கோயிலும் ஹரிசங்கர் கோயிலும் முழுதாக விழுந்தன.

விழுந்த பிறகு நடந்ததுதான் முக்கியம். செதுக்கிய தூண்களையும், கூரையைத் தாங்கும் சாய்வுக் கட்டைகளையும், கதவு நிலைகளையும் ஊர்க்காரர்கள் அன்றே பொறுக்கி எடுத்து, அரண்மனை வளாகத்துக்குள் அடுக்கிக் காவல் காத்தார்கள். அந்தத் துண்டுகளைப் புதிர்ப் படம் சேர்ப்பது போலச் சேர்த்துத்தான் கோயில்கள் திரும்ப எழுந்தன. உற்றுப் பார்த்தால் கறுத்த பழைய மரத்துக்குப் பக்கத்தில் வெளிறிய புது மரம் ஒட்டியிருப்பது தெரியும். எது பழசு, எது புதுசு என்று மறைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

அடுத்து, சதுக்கத்தின் ஓரத்தில் படியிறங்கும் பள்ளம் ஒன்று. மங்கா ஹிட்டி. ஹிட்டி என்றால் கல் நீர்த்தாரை. மகர முகத்தின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும். இது கி.பி. 570-ல் அமைந்தது என்கிறார்கள். இன்றும் ஓடுகிறது. காலையில் போனால் பிளாஸ்டிக் கேன்களோடு மக்கள் வரிசையில் நிற்பார்கள். கிட்டத்தட்ட 1,450 வருஷமாக சேவையில் இருக்கும் குடிநீர் இணைப்பு. எந்த கம்பெனி இவ்வளவு வாரன்ட்டி தரும்?

இது எப்படி வேலை செய்கிறது? மலையடிவாரத்து ஓடைகளிலிருந்து "ராஜகுலோ" என்ற கால்வாய்கள் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்து குளங்களை நிரப்பும். குளத்து நீர் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரை ஊட்டும். புதைத்த வாய்க்கால்கள், மணல், சரளை வடிகட்டிகள் வழியாக அந்த நீர் தாரைக்கு வந்துசேரும். மோட்டார் கிடையாது. தாரையை நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே வைத்தால் தண்ணீர் தானாக வரும். அதற்காகத்தான் பள்ளம்.

ஆனால் பள்ளத்தாக்கில் இருந்த தாரைகளில் பல இன்று வறண்டுவிட்டன. குளங்கள் மூடப்பட்டன, கால்வாய்கள் மேல் வீடுகள் வந்தன, அடித்தளம் தோண்டியபோது புதைவாய்க்கால்கள் அறுந்தன. ஊருக்குத் தண்ணீர் பற்றாக்குறை. டேங்கர் லாரிகள் ஓடுகின்றன. (சென்னைக்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) தீர்வாக மேலம்சி ஆற்றிலிருந்து மலையைக் குடைந்து சுமார் 27 கிலோமீட்டர் சுரங்கம் அமைத்தார்கள். நாளைக்கு 17 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். பல வருஷ இழுபறிக்குப் பிறகு 2021 மார்ச்சில் தண்ணீர் வந்தது. ஊரே கொண்டாடியது. அதே ஜூனில் மேலம்சியில் பெருவெள்ளம் வந்து தலைமதகுப் பகுதியைச் சேற்றிலும் பாறையிலும் புதைத்துவிட்டது.

சுரங்கம் வேண்டாம், தாரையே போதும் என்று சொல்ல முடியாது. பல லட்சம் பேருக்கு மகர வாயிலிருந்து தண்ணீர் பிடித்துக் கொடுக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததை அறுத்துவிட்டு, பிறகு மலையைக் குடையப் போன கதையை அந்தப் படியில் உட்கார்ந்து யோசிக்கலாம்.

மூன்றாம் நாள்: பக்தபூரின் ஐந்தடுக்கு

காத்மாண்டுவிலிருந்து கிழக்கே சுமார் 13 கிலோமீட்டர் பக்தபூர். இதுவும் பழைய தலைநகரம். கார் சத்தம் குறைவு. செங்கல் பாவிய தெருக்கள், குயவர் சதுக்கம், மண்சட்டியில் "ஜுஜு தௌ" என்ற தயிர். பெயருக்கு அர்த்தம் ராஜ தயிர். சட்டி ஈரத்தை உறிஞ்சுவதால் தயிர் கெட்டியாக இருக்கும். கண்டிப்பா சாப்பிடுங்க.

இங்கே நாயகன் ந்யாதபோலா கோயில். 1702-ல் பூபதீந்திர மல்லர் கட்டியது. ஐந்து அடுக்குக் கூரை, 30 மீட்டருக்கு மேல் உயரம். படிக்கட்டில் ஜோடி ஜோடியாகக் காவலர்கள். கீழே இரண்டு மல்லர்கள், மேலே யானைகள், அதற்கு மேல் சிங்கங்கள், யாளிகள், பெண் தெய்வங்கள். ஒவ்வொரு ஜோடியும் கீழே உள்ளதைவிடப் பத்து மடங்கு பலம் என்று ஐதீகம்.

1934 நிலநடுக்கத்தில் பக்தபூர் பெருமளவு நாசமானது. ந்யாதபோலா மேல் அடுக்கில் அடிபட்டாலும் நின்றது. 2015-லும் மேலே சின்னச் சேதம்தான். ஏன்? ஐந்தடுக்கு அகலமான பீடம். நான்கு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் ஆடும்போது முறுக்கிக்கொள்ளாது. மேலே போகப் போகச் சிறுத்துவிடுவதால் எடை கீழேயே தங்கும். தடிமனான செங்கல் சுவருக்குள் மரச்சட்டங்கள் வளையம் போலக் கட்டியிருக்கும். மரத்தை மரத்தோடு இணைப்பது ஆணி இல்லை, ஆப்பு. ஆட்டம் வரும்போது ஆப்பும் துளையும் உராய்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியைத் தின்னும்.

இதோடு நிறுத்திவிட்டால் "பார்த்தியா, முன்னோர் அறிவியல்!" என்று ஃபார்வர்டு மெசேஜ் ஆகிவிடும். நிறுத்தாதீர்கள். இதே முறையில், இதே செங்கல், மரம், ஆப்பு வைத்துக் கட்டிய எத்தனையோ கோயில்கள் 2015-ல் விழுந்தனவே? பாட்டன் கிருஷ்ணர் கோயில் போலவே கல் கோயிலான வத்சலா துர்கை கோயில், இந்த பக்தபூர் சதுக்கத்தில்தான் முழுதாக விழுந்தது. ஆக, மரமா கல்லா என்பது மட்டும் விடை இல்லை. பழசா புதுசா என்பதும் விடை இல்லை.

பாதி விடை கூரையில் இருக்கிறது. நேவார் கூரை, மரப்பலகை மேல் கனமான மண்ணைப் பரப்பி, அதன் மேல் சின்ன ஓடுகளைப் பதித்தது. ஓடு ஒன்று நகர்ந்தால் மழைநீர் இறங்கும். மண் ஈரமாகும், புல் முளைக்கும், கீழே சட்டத்தின் முனை மக்கும். அந்த முனைதான் சுவரையும் கூரையையும் பிடித்துக்கொண்டிருப்பது. சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. பூமி ஆடும் அன்றைக்குப் பிடி விட்டுப்போகும். மழைக்காலத்துக்கு முன் யாராவது ஏறிப் புல்லைப் பிடுங்கி ஓட்டைச் சரிசெய்திருந்தால் அந்தச் சட்டம் மக்கியிருக்காது.

அந்த "யாராவது" யார்?

குத்தி. இந்த ஒரு சொல்லை டூர் முடிந்தும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நேவார் மக்களிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் கூட்டமைப்பு. ஒரு கோயிலுக்கோ, தாரைக்கோ, திருவிழாவுக்கோ நிலம் எழுதிவைப்பார்கள். அந்த நிலத்தின் வருமானத்தில் விளக்கு ஏற்றுவது, கூரையைச் சரிசெய்வது, வாய்க்காலைத் தூர்வாருவது எல்லாம் குத்தி உறுப்பினர்களின் முறை வேலை. நம்ம ஊர் குடிமராமத்தையும் கோயில் மானிய நிலத்தையும் சேர்த்துப் பிசைந்தது போல.

1964-ல் அரசு ஒரு கழகம் அமைத்துப் பல குத்தி நிலங்களை அதன்கீழ் கொண்டுவந்தது. நகரம் பெருகி நிலத்தின் மதிப்பு ஏறியது. பல குத்திகள் நலிந்தன. கூரை ஏற ஆள் குறைந்தது. 2019 ஜூனில் குத்திகள் பற்றி அரசு ஒரு புதிய மசோதா கொண்டுவந்தபோது, பல்லாயிரக்கணக்கானோர் காத்மாண்டுத் தெருவில் இறங்கினார்கள். அதில் நம்ம வயசுக்காரர்கள் ஏராளம். மசோதா திரும்பப் பெறப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ அறநிலையச் சட்டச் சண்டை. உள்ளே, அடுத்த நிலநடுக்கத்துக்கு முன்னால் கூரைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் அதில் இருக்கிறது.

கைத்தொழிலுக்கும் இதே கதைதான். பாட்டனில் ஒவ்வொரு வருஷமும் ராதோ மச்சிந்திரநாத் தேர் ஓடும். சுமார் 60 அடி உயரத் தேரை மரமும் பிரம்பும் வைத்து வருஷா வருஷம் புதிதாகக் கட்டுகிறார்கள். ஒரே தடவை இரும்பில் செய்து நிறுத்திவிட்டால் செலவு மிச்சம்தானே? ஆனால் கட்டுகிற வித்தை அடுத்த தலைமுறைக் கைக்குப் போகாது. 2015-க்குப் பிறகு மரம் செதுக்கவும் ஆப்பு அடிக்கவும் தெரிந்தவர்கள் ஊரில் மிச்சம் இருந்ததால்தான் இத்தனை கோயில்களும் எழுந்தன.

அந்தக் கைகளின் பழைய பெருமை ஒன்று. 1260 வாக்கில் அரனிகோ என்ற நேவார் இளைஞன் 80 கைவினைஞர்களுக்குத் தலைமை தாங்கி திபெத்துக்குப் போனான். வயசு 17 என்று சொல்கிறார்கள். அங்கிருந்து குப்லாய் கானின் அரசவைக்குப் போய், இன்றைய பெய்ஜிங்கில் இன்றும் நிற்கும் வெள்ளை ஸ்தூபியைக் கட்டினான். நாம 17 வயசுல கவுன்சலிங் ரேங்க் பார்த்துட்டு இருந்தோம்.

விட்டுவிடக் கூடாத மூன்று

பசுபதிநாத், பௌத்தநாத், சுயம்புநாத் மூன்றையும் மேலே சொன்ன நாள்களின் காலை, மாலைகளில் பொருத்திக்கொள்ளலாம். பசுபதிநாதரின் தலைமைப் பூசாரிகள் கர்நாடகத்திலிருந்து வரும் பட்டர்கள். கோயிலை ஒட்டிய பாக்மதிக் கரையில் எப்போதும் சிதைகள் எரியும். அது சுற்றுலாக் காட்சி இல்லை, ஒரு குடும்பத்தின் துக்கம். போனை உள்ளே வையுங்கள்.

பௌத்தநாத் ஸ்தூபியின் மேல்பகுதி 2015-ல் விரிசல் விட்டது. பௌத்தர்களின் நன்கொடையிலும் தொண்டர்களின் உழைப்பிலும் 2016 நவம்பரிலேயே சரியாகித் திறக்கப்பட்டது. அரசுத் திட்டங்கள் இழுத்துக்கொண்டிருந்தபோது இது முடிந்தேவிட்டது. சுயம்புநாத்துக்குக் கிழக்குப் பக்கமாக 365 படி ஏறுங்கள். மேலிருந்து மொத்தப் பள்ளத்தாக்கும் கிண்ணம் போலத் தெரியும். ஏரி என்று சொன்னது அப்போது புரியும். குரங்குகளிடம் தின்பண்டப் பையைக் காட்டாதீர்கள்.

குரூப் டூராகப் போகிறவர்களுக்கு

ஒன்று: ஏஜென்ட்டிடம் பேசும்போதே "ஒரே நாளில் ஏழு இடம்" திட்டத்தை மறுத்துவிடுங்கள். 1979-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஏழு இடங்கள் பள்ளத்தாக்கில் உண்டு. அதில் ஏழாவது சாங்கு நாராயணன், பக்தபூருக்கு வடக்கே. ஏழையும் டிக் அடிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு சதுக்கம் போதும்.

இரண்டு: 30 பேரும் ஒரே கொடிக்குப் பின்னால் நடக்காமல், ஐந்தைந்து பேராகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் ஒரு விஷயத்தைக் கவனிக்கட்டும். ஒரு குழுவுக்குத் தூணின் அடி, ஒரு குழுவுக்குக் கூரை, ஒரு குழுவுக்குத் தண்ணீர், இன்னொன்றுக்குப் புது மரம் பழைய மரம். ராத்திரிச் சாப்பாட்டில் பகிர்ந்துகொள்ளுங்கள்.

மூன்று: சதுக்கங்களில் நுழைவுக் கட்டணம் உண்டு. சார்க் நாட்டவர்களுக்கு மற்ற வெளிநாட்டவர்களைவிடக் குறைவு. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

நான்கு: எங்காவது மரத்தச்சர்கள் வேலை செய்துகொண்டிருந்தால் நின்று பாருங்கள். அரைகுறை இந்தி போதும், "தாய்" என்று கூப்பிட்டுக் கேளுங்கள், சொல்வார்கள். நேபாளியில் தாய் என்றால் அண்ணன், நம்ம தாய் இல்லை!

நம்ம சிலபஸில் வடிவமைப்புக்கு நாலு பேப்பர் இருக்கும். பராமரிப்புக்கு ஒரு யூனிட் இருந்தால் பெரிசு. வேலைக்குப் போன பிறகும் புதுசாகக் கட்டுகிறவருக்குத்தான் கல்வெட்டில் பெயர். ஓட்டை மாற்றுகிறவருக்குப் பெயர் வராது. காஷ்டமண்டபத்தின் அந்த ஒரு தூணையும், மங்கா ஹிட்டியின் அந்தத் தாரையையும் பார்த்துவிட்டு வந்தால் யார் வேலை பெரியது என்ற சந்தேகமாவது வரும். அந்தச் சந்தேகத்தோடு ஊருக்குத் திரும்பி, நம்ம ஊர்க் குளத்துக்கும் கோயில் கோபுரத்தில் முளைத்த அரசமரத்துக்கும் யார் பொறுப்பு என்று கேட்க ஆரம்பித்தால், டூர் செலவு வசூல் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, முதல் வேலை: வாக்காளர் அட்டைக்கு விண்ணப்பியுங்கள்!